கணுக்கால் குத்து

அவளை அந்த வட்டாரத்தில் எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேரை வைண்டிங் கடை முதலாளி மட்டும் சம்பள நாளன்று ஒரு தடவை உச்சரிப்பார். அதோடு சரி. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது அவள் வேலை. காலையிலிருந்து மாலைவரை சுற்று, சுற்று, சுற்று. அந்தக் கடையில் அவளைத் தவிர மீதி எல்லாரும் ஆண்கள். வந்த புதிதில் இவளிடம் வாலாட்டியவர்கள் உண்டு. இப்போது கிடையாது.

ஊசி என்ற பேர் வந்தது வீடியோ கேம் பார்லரில். பள்ளிக்கூடம் விட்டும் வீட்டுக்கு வராத தம்பியைக் காதைப் பிடித்து இழுத்துவரப் போனவள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சண்டை விளையாட்டில் ஆளாளுக்கு ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். பையன்கள் எல்லாம் நெருப்புக் கக்குகிறவன், தரையைப் பிளக்கிறவன் என்று ஆர்ப்பாட்டமான ஆள்களாகப் பார்த்து எடுப்பார்கள். தம்பி எடுத்தது கரடி மாதிரி ஒரு தடியன். கிட்டே போய்க் கட்டிப்பிடித்துத் தூக்கி அடிப்பான். இவள் எடுத்தது, நீளக் கம்போடு ஒல்லியாக நிற்கும் ஒருத்தியை. பார்லரில் அவளுக்குக் கம்புக்காரி என்று பேர். யாரும் சீண்டாத ஆள்.

கம்புக்காரியிடம் பெரிய அடி என்று ஒன்றுமே கிடையாது. ஆனால் எங்கே நின்றாலும் அதற்கென்று ஒரு குத்து வைத்திருப்பாள். தூரத்தில் நின்றால் நெஞ்சில் ஒன்று. கிட்டே வந்தால் முழங்காலால் ஒரு இடி. குதித்து வந்தால் கம்பை நிமிர்த்தி வயிற்றில் ஒன்று. நின்றபடி தடுத்துக்கொண்டிருந்தால் சட்டென்று குனிந்து கணுக்காலில் ஒன்று. எல்லாமே சில்லறை அடி. முதல் ரவுண்டு முழுக்க ஊசி இப்படிக் குத்திக் குத்திப் பார்ப்பாள். பயந்தால் இவன் குதிப்பானா, பின்வாங்குவானா, ஆத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாய்வானா என்று தெரிந்துகொள்வாள். அடுத்த ரவுண்டில் அவன் கதை முடிந்தது. தோற்றவன் எழுந்து போகும்போது அடிபட்ட மாதிரி இருக்காது, அரிப்பெடுத்த மாதிரி இருக்கும். அந்த எரிச்சலில் வைத்த பேர்தான் ஊசி.

பார்லர் மூடி வருஷக்கணக்காகிறது. ஊசிக்குக் கல்யாணம் ஆகி, அது விளங்காமல் போய், அவள் தம்பியோடு வந்து சேர்ந்ததும் பழைய கதை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பிக்குப் பெண் பார்த்துப் பார்த்து, கடைசியில் பார்க்கிறவர்களே சலித்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் மிச்சமிருந்தது அந்த விளையாட்டு. தம்பி எங்கேயோ பிடித்து ஒரு பழைய கேம் பெட்டியும் இரண்டு ஸ்டிக்கும் வாங்கிவந்தான். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஆட்டம். நாற்பதைத் தாண்டிய அக்காவும் தம்பியும் இப்படித் திரையைப் பார்த்துக் கத்திக்கொள்வது சைக்கிள் கடைக்காரருக்குப் பழகிப்போய்விட்டது.

தம்பி இரும்பு யார்டில் கிரேன் ஆபரேட்டர். கேபினில் ஏறி உட்கார்ந்தால் அவன் ராஜா. கீழே நின்று லோடில் கொக்கி மாட்டிக் கைகாட்டுகிறவர் அவனைவிட மூத்தவர். யார்டில் அவருக்குக் கொக்கிக்காரர் என்று பேர். தம்பிக்கு அண்ணன், ஊசிக்கும் அண்ணன். லீவு நாளில் மனைவியோடு வந்து உட்கார்ந்துகொண்டு இவர்கள் ஆடுவதைப் பார்த்துக் கிண்டல் பண்ணுவார்.

"ஏம்மா ஊசி, கொல்றதுன்னா ஒரே போடா போட்டுக் கொன்னுடு. இப்படிக் கொசு மாதிரிக் கடிக்காத. பாக்கிற எனக்கே சொறியுது."

"கரடி மேல ஈ உக்காந்தா அதுக்குத் தெரியவா போகுது, அண்ணே?" என்பான் தம்பி.

அவனுக்குத் தெரியும். ஊசியின் கணுக்கால் குத்தைத் தடுக்கிற ஒரே ஆள் அவன்தான். அந்த ஸ்டிக்கைப் பிடிப்பது இடது கை, பட்டன்களைத் தட்டுவது வலது கை. குத்து வரும் கண்ணிமைப்பில் இடது கை ஸ்டிக்கைக் கீழே, பின்பக்கமாக இழுத்தாக வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு விஷயத்தில் அவன் கை தப்பியதில்லை.

ஒரு சாயங்காலம் தப்பியது.

ஊசி குத்தினாள், இறங்கியது. "என்னடா, தூக்கமா?" என்றாள். மறுபடி குத்தினாள், மறுபடி இறங்கியது. அவள் புத்தி தன்பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது. நெஞ்சுக்கு ஒன்று, தடுத்தான். வயிற்றுக்கு ஒன்று, தடுத்தான். அவன் கரடி கட்டிப்பிடிக்க வந்தபோது வலது கை சரியான நேரத்தில் பட்டனைத் தட்டியது. கணுக்காலுக்கு ஒன்று, விட்டான். கீழே பார்த்தாள். தம்பியின் இடது கை ஸ்டிக்கை இழுக்கத்தான் இழுத்தது. ஆனால் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொண்ட மாதிரி தாமதமாக இழுத்தது.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. நடக்கும்போது இடது கை வீசாமல் தொங்குகிறது. டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். அவனும் உணராமல் இல்லை. ஒரு நாள் ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தபடிதான் சொன்னான்.

"கை கொஞ்சம் கனமா இருக்கற மாதிரி இருக்குக்கா. ஆடு பாப்போம். உன் குத்தத் தடுத்துட்டேன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

அன்று வழக்கம்போலத்தான் ஆடினாள். குத்து மேல் குத்து உள்ளே இறங்கியது. தம்பியின் முகம் செத்துப்போனது. சாப்பிடாமலே போய்ப் படுத்தான். கிரேன் கேபினை விட்டு இறக்கிவிட்டால் அவன் என்ன செய்வான்? யார்டில் கை ஓய்ந்த ஆபரேட்டருக்கு வாசலில் பெயர் கேட்டு எழுதுகிற வேலைகூடத் தர மாட்டார்கள்.

மறுநாள் அவள் விட்டுக்கொடுத்தாள்.

சும்மா விட்டுக்கொடுத்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் ஊசி அதையும் ஒழுங்காகச் செய்தாள். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்து தொலைப்பதுதானே அவளுக்குப் பிடித்த பீடை. கணுக்காலில் குத்துவதற்கு முன்னால் கம்புக்காரியை அரை அடி பின்னால் நகர்த்தினாள். அது கண்ணில் பட்டதும் தம்பியின் கை முன்கூட்டியே கிளம்பிவிடும், சரியாகப் போய்ச் சேரும். நடுநடுவே ஒன்றிரண்டை உண்மையாகவே இறக்கினாள், நம்ப வேண்டுமே. அன்று தம்பி ஜெயித்தான். "பாத்தியா, ஒண்ணும் இல்ல! வெறும் அசதி!" என்று அவள் தலையில் தட்டினான். காலையில் விசிலடித்துக்கொண்டே படியிறங்கினான். அந்த விசில் சத்தத்தைக் கேட்டு அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. சந்தோஷம்தான். யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். பாசம் வந்தால் கெட்டிக்காரிகளுக்கும் புத்தி இப்படித்தான் போகும்.

ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "எதுக்கும் ஒரு டாக்டர்கிட்டக் காட்டிரலாமாடா?"

"உன் கணுக்கால் குத்தையே தடுக்கிறேன், டாக்டர் புதுசா என்னத்தக் கண்டுபிடிச்சிரப் போறாரு?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஊசி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நாளாக ஆக அரை அடி ஒரு அடியானது. கை அந்த அளவுக்குப் பின்தங்கிக்கொண்டே போனது. அதை அளந்து அளந்து அவள் கம்புக்காரியைப் பின்னால் நகர்த்தினாள். தம்பியின் வியாதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்று உலகத்திலேயே சரியாகத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். அதைக் கண்டுபிடிக்க முடியாத ஆள் அவன் ஒருவன்தான்.

ஒரு சாயங்காலம் தம்பி உட்காரும்போதே சொன்னான். "நாளைக்குப் பெரிய பிளேட் லோடு வருது. இடம் ரொம்பக் குறுகல். திருப்புறது எல்லாம் இடது லீவர்தான். இன்னைக்கு ஆடிப் பாக்கிறேன். கை சரியா வரலைன்னா லீவு சொல்லிடறேன், வேற ஆபரேட்டரப் போட்டுக்கட்டும்."

லீவு போட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் கையைப் பார்ப்பார்கள். கையைப் பார்த்தால் முடிந்தது. ஊசி இப்படித்தான் கணக்குப் போட்டாள். அன்று நடிப்புக்காகக்கூட ஒரு குத்தை உள்ளே இறக்கவில்லை. தம்பி எல்லாவற்றையும் தடுத்தான்.

மறுநாள் கிரேனின் நீளக் கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த இரும்புப் பிளேட் தாண்டி வந்து, பின்னால் அடுக்கியிருந்த குழாய்களோடு கொக்கிக்காரரைச் சேர்த்து நசுக்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவசியமே இருக்கவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்தவன் அழவில்லை, சாப்பிடவில்லை. "பிரேக் பிடிக்கலக்கா, நான் லீவர இழுத்தேன், பிரேக் பிடிக்கல" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். யார்டிலும் அதையே சொல்லியிருந்தான். பிரேக்கைக் கடைசியாகப் பார்த்த மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போலீஸ் வந்து அந்த ஆளை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போனது. விசாரணை நாள் குறித்தார்கள். தம்பி பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பினான்.

விசாரணைக்கு முந்தின நாள் ஊசியால் அதற்கு மேல் முடியவில்லை.

"பிரேக் இல்லடா. உன் கைதான்."

"என்னக்கா பேசற?" தம்பி சீறினான். "முந்தின நாள் உன்கூட ஆடினேனே. ஒரு குத்து இறங்குச்சா? சொல்லு, ஒண்ணாவது இறங்குச்சா? என் கையில குறை இருந்தா அங்க தெரிஞ்சிருக்காதா?"

"உக்காரு" என்றாள்.

"இப்ப விளையாடற நேரமா?"

"உக்காருடா!"

உட்கார்ந்தான். ஊசி கம்புக்காரியை எடுத்தாள். பின்னால் நகர்த்தவில்லை. கணுக்காலில் குத்தினாள். மறுபடியும் அங்கேயே குத்தினாள். வேறெந்தக் குத்தையும் அவள் தொடவே இல்லை. தம்பிக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், தெரிந்தும் கை வந்து சேரவில்லை. முதல் ரவுண்டு போனது. இரண்டாவதும் போனது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான். அவள் கன்னத்தில் நீர் வழிய வழியக் குத்திக்கொண்டே இருந்தாள். அவன் கரடி ஒரு குத்தைக்கூடத் தடுக்காமல் விழுந்தது.

தம்பி ஸ்டிக்கைத் தரையில் வைத்தான். தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எப்பலேருந்துக்கா?"

சொன்னாள்.

"அன்னைக்குமா? கை வரலைன்னா லீவு போடறேன்னு சொன்னேனே, அன்னைக்கும் விட்டுக்கொடுத்தியா?"

"ஆமாம்."

கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவன் குரல் எழும்பவே இல்லை.

"நான் வேற யார்கிட்டயுமே கேக்கலியேக்கா. உன்கிட்டத்தானே கேட்டேன்."

மறுநாள் யார்டு அலுவலகத்தில் விசாரணை. ஊசி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கொக்கிக்காரரின் மனைவி. கொஞ்சம் தள்ளி மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், உள்ளே பேசியது எல்லாம் கேட்டது.

"பிரேக்ல குறை இல்ல சார்" என்றான் தம்பி. "என் இடது கை சரியில்ல. ரொம்ப நாளாவே சரியில்ல. நான்தான் மறைச்சிட்டேன்."

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

ஊசி எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் எழவில்லை.

"யாருக்கும் தெரியாது சார்" என்றான் தம்பி.

கொக்கிக்காரரின் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, எத்தனையோ லீவு நாளில் இவர்கள் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்த அந்தப் பெண், ஊசியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ என்னம்மா பண்ணுவே, பாவம். உனக்குத் தெரிஞ்சிருந்தா அவனை வேலைக்கு விட்டிருப்பியா?"

ஊசி இல்லை என்று தலையாட்டினாள்.