ஜன்ம எதிரியின் கணுக்கால்

ஒப்பரேஷனில் கத்தி பிடிக்கிற டொக்டரின் பெயரை ஊரே சொல்லும். அந்த நேரம் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனை, சுகமாகிப் போகிற நோயாளிகூடத் திரும்பிப் பார்க்க மாட்டான். கண்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் அந்தக் கால் பிடிக்கிற வேலை பார்த்தேன். பிளாஸ்டர் மாவைத் துணியில் தேய்த்துச் சுருட்டி வைப்பது, கட்டுப் போடுவது, பிறகு அதை வெட்டி எடுப்பது எல்லாம் என் பாடு. மாவுக்கட்டுக்குள் கால் அரித்து, சொறிய வழியில்லாமல் முகட்டைப் பார்த்துக் கிடந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

தூக்கி வந்தவன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கூடாரம் அடித்து, டிக்கெட் போட்டுக் குஸ்தி நடத்துவார்கள். அதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் பன்வில தோட்டத்தில் பிறந்த மாடசாமியும் மடவளை ஹமீதும். போஸ்டரில் இரண்டு பேரும் ஜன்ம எதிரிகள். ஒருநாள் ஹமீது இடுப்பைப் பிடித்து வீசியபோது, கீழே விரித்திருந்த படங்குச் சீலையின் மடிப்பில் மாடசாமியின் வலது கால் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. ஹமீதே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து, பின்னால் ஒரு கூட்டம் விசிலடித்துக்கொண்டே வந்தது.

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்பக்கக் கணு எலும்பு பிளந்து விலகி நின்றது. வெட்டித் திறந்து ஸ்குரூ ஆணி போட வேண்டும் என்றார். "மறுபடி குஸ்தி போடலாமாங்க ஐயா?" என்று மாடசாமி கேட்டான். குந்தி எழும்ப முடியாதவன் எதிராளியின் இடுப்புக்குக் கீழே போக முடியாது. போக முடியாதவனுக்குக் குஸ்தியும் இல்லை, சோறும் இல்லை. ஹமீது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டொக்டர் பொய் சொல்கிற மனுசன் இல்லை. "நடப்பீர், அதுக்கு நான் பொறுப்பு. குந்தி எழும்புவீரோ எண்டு உம்மட கால்தான் சொல்லவேணும்," என்றார்.

ஈதர் பிடி

மூக்கின் மேல் துணி போட்ட கம்பிக் கூட்டை வைத்து, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மயக்கம் முழுசாக வருவதற்கு முன்னால் எந்தச் சாதுவும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு எழும்புவான். சாதுவே அப்படியென்றால் குஸ்திக்காரன்? மாடசாமி எழும்பினான். கையில் அகப்பட்டது என் கழுத்து. அப்படியே கக்கத்துக்குள் இடுக்கி ஒரு பிடி போட்டான். மற்ற ஆட்கள் அவன் கையில் தொங்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. அந்த நெருக்கத்தில் அவன் வாய் குழறியது எனக்கு மட்டும் கேட்டது: "ஹமீது சாப்புட்டானா... யாராச்சும் சோறு குடுங்க..." மயக்கம் இறங்க இறங்க, பிடி தானாகத் தளர்ந்து, நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டொக்டர் கழுவிய கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "முத்தையா, குஸ்தி முடிஞ்சுதெண்டால் எழும்பிவந்து காலைப் பிடியும்," என்றார்.

பார்க்க வருகிற நேரம்

எதிரிகள் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் டிக்கெட் விற்காது. நோயாளிகள் கிடக்கிற வாட்டில் பாதிப் பேர் கூடாரத்தில் குஸ்தி பார்த்தவர்கள். அதனால் ஹமீது வரும்போதே வாசலில் நின்று ஒரு சத்தம் போடுவான். "இன்னும் உசிரோடயாடா ஈக்கிறாய்?" கட்டில்கள் எல்லாம் அடங்கிப்போகும். மாடசாமி தலையணையைத் தூக்குவான். "வாடா, ஒத்தக் கால்லயே ஒன்ன எறிஞ்சு காட்டுறேன்!" நேர்ஸ் ஓடி வருவதற்குள் ஹமீது முஷ்டியை ஓங்கிக்கொண்டு கட்டிலுக்கு மேல் குனிந்துவிடுவான்.

குனிந்தபிறகு நடப்பதை, பக்கத்தில் நின்ற நான்தான் கண்டேன். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிகிற கால்விரல் நகத்தை அழுத்திப் பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். சிவக்காவிட்டால் கட்டு இறுக்கம் என்று அர்த்தம். ஹமீது இதை என்னிடம் கேட்டுக்கொண்டான். வருகிற நாளெல்லாம் அந்தப் பெரிய கையால் ஒவ்வொரு நகமாக, பூவைத் தொடுகிற மாதிரி அழுத்தி, சிவக்கும்வரை மூச்சுவிடாமல் பார்ப்பான். பிறகு சால்வைக்குள்ளிருந்து ஆட்டுக்கால் சூப்புப் போத்தல் வரும். "ரத்தம் ஓடுது மச்சான். கெதியாக் குடி, உம்மா ஆக்கினது, ஆறப் போகுது," என்பான், பல்லைக் கடித்து முறைத்துக்கொண்டே.

அரிப்பு

அரிப்பு வந்தபோது மாடசாமி என்னிடம் ஈர்க்குக் கேட்டான். கொடுக்கவில்லை. உள்ளே புண் வந்தால் ஆணி போட்டும் பிரயோசனமில்லை. கட்டுப் போட்டுக் கிடக்கிறவர்களுக்கு நான் சொல்கிற வைத்தியம் ஒன்று உண்டு: மற்றக் காலில் அதே இடத்தைச் சொறிந்து பாருங்கள், கொஞ்சம் அடங்கும். அன்றைக்கு ஹமீது தரையில் முட்டிபோட்டு, நண்பனின் நல்ல காலை மடியில் வைத்து வறட்டு வறட்டென்று சொறிந்தான். மாடசாமி கண்ணை மூடி, சுகத்தில் "ஐயோ, ஐயோ" என்று முனகினான். அடுத்த கட்டிலில் கெலிஓயாப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பார்வை மங்கினவர். எழும்பி உட்கார்ந்து கத்தினார்: "நேர்ஸம்மா, ஓடியாங்க! இருக்கிற நல்ல காலையும் இந்தப் பாவி முறிக்கிறான்!"

புல்தரை

கட்டை வெட்டி எடுத்தபோது கால் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. மாடசாமி அதை விடவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து, பல்லைக் கடித்துக் குந்தினான். வீட்டுக்குப் போய், பிறகு கடைசித் தடவையாகக் காட்ட வந்த அன்று, எதையும் பிடிக்காமல் டொக்டர் முன்னால் குந்தி எழும்பினான். டொக்டர் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இனிக் குஸ்தியும் போடலாம், போம்," என்றார்.

வெளியே வந்தால் ஹமீதின் முகம் தெளியவில்லை. கால் முறிந்த நாளிலிருந்து அவன் யாரையும் பிடித்து வீசவில்லை. தன் நானா, அதாவது மூத்த அண்ணனின் கடையில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தான். "பிடிக்கப் போனா கை நடுங்குது அண்ணன். எனக்கு இந்தத் தொழில் போதும்," என்றான் என்னிடம். எதிரி இல்லாமல் மாடசாமி யாரோடு குஸ்தி போடுவது? கால் சரியாகியும் பிழைப்பு முறிந்து கிடந்தது.

மாடசாமி நேரே வாட்டுக்குப் பின்னால் இருந்த புல்தரைக்குப் போய், தொடையைத் தட்டினான். "மடவளைப் பயலுக்குக் கை செத்துப் போச்சாம்! பாக்கிறவங்க வந்து பாருங்க!" விறாந்தை முழுக்க நோயாளிகள், ஊன்றுகோலோடும் கட்டோடும். அத்தனை கண் பார்க்கும்போது எதிரி எப்படித் திரும்பிப் போவான்? ஹமீது வந்தான், இடுப்பைப் பிடித்தான், தூக்கினான். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெதுவாகப் புல்லில் வைத்தான். விறாந்தை ஊளையிட்டது. மாடசாமி படுத்தபடியே சொன்னான், "டேய், இப்படிப் போட்டா நாம பட்டினிதான். அன்னிக்குப் போட்ட மாதிரி போடு. நான் இருக்கேன்ல."

ஹமீது என்னைப் பார்த்தான். நான் அந்தக் காலைப் பார்த்தேன். அவன் மறுபடி பிடித்தான். இந்தத் தடவை வீசினான். விழுந்த சத்தத்தில் ஊளை நின்றது. மாடசாமி புரண்டான், வலது பாதத்தை ஊன்றினான், குந்தினான், குந்தின இடத்திலிருந்தே எழும்பி வாய்விட்டுச் சிரித்தான். ஹமீது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. விறாந்தையில் கையில் கட்டுப்போட்ட ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "வுழுந்தவன் சிரிக்கிறான், போட்டவன் அழுறான், இது என்னங்க குஸ்தி, நமக்கு வெளங்கல்லியே!"

எனக்கு நன்றாக விளங்கியது; அந்த இரண்டு எதிரிகளின் பிழைப்பைக் கெடுப்பானேன் என்றுதான் இவ்வளவு காலம் வாயையும் ஒரு மாவுக்கட்டுக்குள்ளே வைத்திருந்தேன்.