ஒரே புழு, வேறு தீனி

கேரளத்து விதுராவில் ரப்பர் மரங்களுக்கிடையே நான் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். போன வருஷம் தேன் எடுக்கிற அவசரத்தில் ஒரு பெட்டியின் ராணியை நானே நசுக்கித் தொலைத்தேன். பெட்டி போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நாலைந்து நாள் கழித்துத் திறந்தால், வேலைக்காரியாக வளரவேண்டிய சில சாதாரணப் புழுக்களைச் சுற்றி நீளக் கூடு கட்டி, தேனீக்கள் தங்கள் வாயில் ஊறும் வெள்ளைப் பாலை விடாமல் ஊட்டிக்கொண்டிருந்தன. அதிலிருந்து ஒரு ராணி வந்தாள். மற்றப் புழுக்களுக்கு அந்தப் பால் முதல் சில நாள்தான். பிறகு தேனும் மகரந்தமும். அவை வேலைக்காரிகளாகி ஆயுசுக்கும் சுமக்கும். பிறப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது, ஊட்டியதில்தான்.

அடிப்பாவி, வீட்டில் நீயும் இதைத்தானே செய்கிறாய் என்று எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

எங்கள் வீட்டில் முட்டை மகனுக்கு. அப்போது எட்டாவது படித்த மகளுக்குக் குழம்பு. மாமியார் வைத்த வழக்கம், பரிமாறிய கை என்னுடையது. அந்த வாரம்தான் அவள் பள்ளி பி.டி. மாஸ்டர் கூப்பிட்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "உங்க கொச்சு நல்லா ஓடும். பட்சே கடைசி ரவுண்டுல தளர்ந்துபோகுது. வீட்டுல எந்தா கொடுக்கறது?" அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கிறார்களாம். கிடைத்தால் படிப்பும் ஓட்டமும் அங்கே. இல்லாவிட்டால் என்னோடு பெட்டி சுமப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகனுக்கு ஒன்று வைத்தேன், மகளுக்கு இரண்டு.

"ஏட்டி, நாளைக்கு அடுப்பூதப் போறவளுக்கு எதுக்கு ரெண்டு முட்டை?" என்றார் மாமியார்.

"அடுப்பூதுறவளா ஆக்கத்தானே அத்தை இத்தனை வருஷம் இப்படிப் போட்டோம்? இனிமே நடக்காது. ஓடுறவ தின்னட்டும்."

"தேனீ வளக்கப் போயி ஒனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு."

"ஏறட்டும்!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், மகள் ஒரு முட்டையை எடுத்துத் தம்பி தட்டில் வைக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணு போதும்மா."

பதின்மூன்று வருஷமாக நான் ஊட்டியது இதைத்தான். முட்டையைத் திரும்ப எடுத்து அவள் கையிலேயே திணித்தேன்.

"தின்னு புள்ளே. அவனுக்கு வைக்க இந்த வீட்டுல எல்லாரும் இருக்கோம். ஒனக்கு வைக்கத்தான் இத்தனை நாள் ஆளில்ல."