இரண்டாவது அடுப்பு

உள்ளங்கையில் கொஞ்சம் கேழ்வரகை எடுத்து, கொசுவலைத் துண்டின் மேல் போட்டு, சலிப்பது போல ஆட்டிப் பார்ப்பார் அன்னக்கொடி. ஒரு மணி கீழே விழுந்தாலும் போச்சு. "இதுல கொசு என்ன, கோழிக்குஞ்சே போகும்" என்று வலைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். விழவில்லை என்றால் துண்டை முகத்துக்கு நேராகப் பிடித்து ஊதுவார். "காத்தே வரலையேப்பா. உள்ள ஒக்காந்து அவிஞ்சு போறதுக்கா?" ஓட்டை பெரிதென்றால் கொசு, சிறிதென்றால் காற்று. வலைக்காரர் ஒவ்வொரு முறையும் புதுத் துண்டோடு வந்து, தொங்கிய முகத்தோடு திரும்பிப் போனார்.

ஆனையூரில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்த வலை அடிக்க வேண்டிய பின்பக்கத்து இடம். மேலே தகர ஷீட், சுற்றிலும் கொசுவலை, உள்ளே விறகடுப்புக்கு ஒரு மேடை, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு பெஞ்சு என்று திட்டம். புகை முழுக்க என் வீட்டுக்குத்தான் ஏறும். ஆனால் கீழே யாரும் புகையைப் பற்றிப் பேசுவதில்லை. அடுப்பு இரண்டானால் குடும்பமும் இரண்டாகிவிடும் என்ற பயத்தில்தான் அந்த வீடு கிடந்தது.

அன்னக்கொடி அறுபதை நெருங்குகிறார். குள்ளமான, கெட்டியான உடம்பு. எழுமலையில் பிறந்து இங்கே வாழ வந்தவர். கணவர் இறந்த பிறகு இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு பால் ஊற்றி மகனை ஆளாக்கினார். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார். முந்தானையால் எதையாவது துடைத்துக்கொண்டே பேசுவார். கோபம் வந்தால் துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பார். சொன்ன சொல்லை மாற்றுவது மட்டும் அவரால் ஆகாது. தெருமுனை மளிகைக்காரரிடம் ஏதோ தகராறில், "இனி ஒங்க கடை வாசல மிதிச்சா கேளுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து உப்புக்கும் புளிக்கும் வெயிலில் மெயின் ரோடு வரை நடக்கிறார். அதே மளிகைக்காரர் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டும் வந்தார். கடை வாசல் வேறு, கல்யாண மண்டபம் வேறாம்.

இந்த அடுப்பும் அப்படி வாய் தவறிப் பிறந்ததுதான். குழம்புப் பொடிக்கு மிளகாயும் மல்லியும் வறுத்துக்கொண்டிருந்தார். நெடி தாங்காமல் மருமகள் மீனா இருமி, கண்ணெல்லாம் சிவந்து, "இதெல்லாம் வெளிய வச்சு வறுக்கலாம்ல அத்த" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி அதட்டி அவளுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தே வரும். அன்னக்கொடி வாணலியை இறக்கிவைத்தார். மகன் பக்கம் திரும்பினார். "வறுக்குறது என்ன, நான் வெளியவே ஆக்கித் தின்னுக்கிறேன். எனக்கு ஒரு அடுப்பப் போட்டுக் குடுத்துரு."

எந்த மகனும் அதைக் கேட்டு, "விடும்மா" என்றுதான் சொல்வான். ஜெயபாண்டி தங்கமான பிள்ளை, வம்பே அதுதான். காளவாசலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. வீட்டுப் பின்னால் வலை அடித்து, அடுப்பு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கறி சுட்டுச் சாப்பிடும் வீடியோக்களை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். அம்மா வாயாலேயே வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டு, மறுநாளே கொத்தனார் முத்துப்பாண்டியைக் கூட்டிவந்துவிட்டான். "ஒனக்குத் தனியா, வசதியா, கொசு கடிக்காம போட்டுத் தாரேம்மா" என்றான். அந்த 'தனியா' விழுந்தபோது அன்னக்கொடியின் முகம் போன போக்கை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மகனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "ஏங்க, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு சொல்லுங்க" என்பாள் மீனா. "பசி இல்லன்னு சொல்லு" என்பார் அன்னக்கொடி. இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். நடுவில் ஜெயபாண்டி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலிக்க நிற்பான்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மீனா என் மனைவியிடம் அழுதிருக்கிறாள். "வெளிய வச்சு வறுங்கன்னுதான சொன்னேன்க்கா. வெளிய போங்கன்னா சொன்னேன்? நாளைக்கு அத்த தனியா ஆக்கித் தின்னா, ஊரு என்னையத்தான பேசும்?"

தெரு அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டது. "அடுப்பு பிரியுதாமே?" என்று கேட்டவர்களிடம், "காத்து வாங்கத்தான்" என்று எரிந்து விழுந்தார் அன்னக்கொடி. வேலையை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. நடக்க விடவும் மனமில்லை. முத்துப்பாண்டி சுண்ணாம்பால் கோடு போட்டால், சாயந்தரம் காலால் அழித்துவிட்டு, "அக்கினி மூலை இது இல்ல" என்பார். மூலையை மாற்றினால் காற்று எதிராக அடிக்கிறது என்பார். கதவு உள்பக்கம் திறந்தால் இடிக்கும், வெளிப்பக்கம் திறந்தால் ஆடு வரும். "ஆத்தா, நீங்களே ஒரு முடிவச் சொல்லுங்க, நான் கட்டிட்டுப் போறேன்" என்று கொத்தனார் கையெடுத்துக் கும்பிட்டார். இந்த வீட்டுக்கு அவர் கட்டிக்கொடுத்ததிலேயே சண்டையில்லாமல் முடிந்தது மாட்டுத் தொட்டி ஒன்றுதானாம்.

எனக்கே பொறுக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது கேட்டுவிட்டேன். "வேணாம்னா வேணாம்னு சொல்லிரலாமேம்மா?"

அவர் கைப்பிடிச் சுவரைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை. "சொன்ன சொல்ல எங்க கொண்டுபோயி வைக்கத் தம்பி? முழுங்கவா முடியும்?"

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. வலை பொருத்தியாகிவிட்டது, மேடை காய்ந்துவிட்டது, கதவு எதிலும் இடிக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாமல், புது அடுப்புக்கு முன்னால் வெறுமனே நின்றுகொண்டிருந்தார் அன்னக்கொடி. அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எழுமலையிலிருந்து அவருடைய தம்பி தவசி. ஒரு மூட்டை அரிசி, ஒரு புதுப் பானை, தூக்குவாளியில் பால்.

நான் படியிறங்கி வந்துவிட்டேன். அவர்கள் சொந்தத்தில் அடுப்பு பிரிந்தால், பிரிந்து போகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி வர வேண்டும். முதல் சோறு அந்த அரிசியில்தான் வேக வேண்டும். வெந்துவிட்டால் பிறகு சமாதானம் பேச ஒருவரும் வர மாட்டார்கள் என்று ஜெயபாண்டியே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறான். இப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். மூட்டையைப் பார்த்தபடி வெளிறிப்போய் நின்றான்.

"மாமா, இது சும்மா... ஞாயித்துக்கிழம கறி சுடுறதுக்குப் போட்டது மாமா" என்றான்.

"இருக்கட்டும் மாப்ள. ஊரெல்லாம் பேச்சாகிப்போச்சு. எங்கக்கா யாரு கையையும் பாத்து நிக்க வேணாம். பொறந்த வீடு இன்னும் இருக்குல்ல?" தவசி நல்ல மனதோடுதான் சொன்னார். மூட்டையை வலைக்குள் இறக்கி, புது மேடையின் மேல் பானையை வைத்தார்.

மீனா சமையலறையின் பின்வாசலில் நின்றாள். "உள்ள வந்து ஒக்காருங்க. காப்பி போடுறேன்."

"காப்பி கெடக்கும்மா. மொதல்ல இந்த அடுப்புல பால் பொங்கட்டும்." தவசி வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். "அக்கா, நீயே பத்த வையி."

தீப்பெட்டி அன்னக்கொடியின் கையில் இருந்தது. அந்த நிமிஷம் அந்தக் கிழவியின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சொல்லுக்காக ஒரு வீட்டையே கொளுத்துவாரா இந்த அம்மா?

அவர் தீப்பெட்டியை மேடையில் வைத்தார். குனிந்து மூட்டையின் காதைப் பிடித்தார். ஜெயபாண்டி தூக்க வந்தான். முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டு, தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனார். பின்வாசலில் நின்ற மீனா ஒதுங்கி வழிவிட்டாள். "அக்கா, அத எங்க கொண்டு போற?" என்றார் தவசி. அன்னக்கொடி சமையலறை மூலையில், மீனா தினமும் அரிசி அளந்து எடுக்கும் டிரம்மின் மூடியைத் திறந்தார். அரிவாள்மனையில் மூட்டைத் தையலை அறுத்து, விளிம்பில் சாய்த்தார். வயல் அரிசி கொஞ்சம் பழுப்பு. டிரம்மின் அடியில் கிடந்த கடை அரிசி வெள்ளை. கொட்டி முடித்ததும் வெறும் சாக்கைக் கீழே போட்டார். வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் இருந்ததையும் மேலே இருந்ததையும் சேர்த்துக் கிளறினார்.