லீனாவின் முதல் ஆய்வு மாணவி

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த லீனா, வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பி, ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பாதுகாப்புக்கென்று ஆய்வகம் தொடங்கினாள். போலி வங்கிச் செயலிகள் கைபேசிக்குள் புகுந்து என்ன திருடுகின்றன என்று கண்டறிவதுதான் ஆராய்ச்சி. அதற்காகச் சிவாஜிநகர்க் கடைகளில் அலைந்து பழைய போன்களாக வாங்கி அடுக்கியிருந்தாள். கூட உட்கார்ந்து ஆராய ஒரு மாணவர்தான் கிடைக்கவில்லை.

முதல் வருடம் தேர்வான ஹரிஷ்குமார், சேரவேண்டிய அன்று காலையில், கம்பெனி வேலைக்குப் போவதாகத் தகவல் அனுப்பிவிட்டான். அடுத்த வருடம் தேர்வானவள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டாள். லீனாவின் அம்மாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. “உனக்கு மாப்பிள்ளை தேடறப்பகூட நான் இவ்ளோ அலையலடி!”

மூன்றாம் வருட நேர்காணலுக்கு ஃபாத்திமா வந்தாள். எம்.டெக். முடித்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். தெரிந்ததை நிதானமாகச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். துறைத் தலைவர் கோவிந்தராஜன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பி.எச்.டி.ன்னா அஞ்சு வருஷம் ஆகும்மா. நடுவுல கல்யாணம், அது இதுன்னு விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?” என்று கேட்டார்.

லீனா குறுக்கிட வாயெடுப்பதற்குள் ஃபாத்திமா அவள் பக்கம் திரும்பினாள்.

“அதையே நானும் உங்களைக் கேக்கலாமா மேடம்? அஞ்சு வருஷம் நீங்க இங்கயே இருப்பீங்களா? உங்ககிட்ட படிச்சவங்க யார்கிட்டயாவது பேசிப் பாக்கணும்.”

கோவிந்தராஜனுக்கு முகம் சுருங்கியது. லீனாவுக்கோ கேள்வி நியாயமாகப் பட்டது.

“யாரும் இல்ல ஃபாத்திமா. சேர்ந்தா நீங்கதான் முதல் ஆளு. நான் எங்கயும் போறதா இல்ல. ஆனா கைடா இருந்து எனக்கும் பழக்கம் கிடையாது.”

“அப்ப ஒரு வாரம் லேப்ல உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன் மேடம்.”

அவள் போனதும் கோவிந்தராஜன், “நாம அவளைப் பாக்க வந்தோமா, அவ நம்மளைப் பாக்க வந்தாளா?” என்றார்.

“ரெண்டும்தான் சார்,” என்றாள் லீனா.

விடுப்புப் போட்டுவிட்டு ஃபாத்திமா வந்த வாரம் பார்த்து எதுவும் சரியாக நடக்கவில்லை. ஆராய எடுத்த செயலி அசைவேனா என்று சும்மா கிடந்தது. ஆள் புழங்காத வெற்றுப் போன் என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்ற சந்தேகம் லீனாவுக்கு வந்தது. “அப்ப ஒரு ஆளை உண்டாக்கிடலாம் மேடம்,” என்றாள் ஃபாத்திமா. அந்தக் கற்பனை ஆளுக்கு டேரில் என்று பெயர் வைத்தார்கள். அவனுக்கு நண்பர்கள், தினம் ஒரு பிரியாணி, ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று திட்டும் அம்மா என்று செய்திகளாக எழுதிப் போனை நிரப்பினார்கள். அம்மாவின் திட்டுகளை எழுதும்போது இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் செயலி விழித்துக்கொண்டது. டேரிலின் செய்திகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பத் தொடங்கியது. “மாட்டினான் திருடன்!” என்று ஃபாத்திமா போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சேருகிறீர்களா என்று லீனா கேட்கவில்லை. கேட்கத் தயக்கமாக இருந்தது. ஃபாத்திமாதான் பையை மாட்டிக்கொண்டே, “கம்பெனில நோட்டீஸ் பீரியட் ரெண்டு மாசம் மேடம். அதுவரைக்கும் இந்தச் செயலியை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க,” என்றாள்.

லீனா அன்று மாலை கோவிந்தராஜனைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய், “ஆள் கிடைச்சாச்சு சார்,” என்று அவருக்கும் சேர்த்துக் காபி சொன்னாள்.