நாலாவது பரிமாணத்தில் இராசலிங்கம் இல்லை

"உந்தக் கதையளில ஆளைக் கொண்டுபோனது ஆர், பிள்ளை?"

கமலாம்பிகை அக்கா கேட்டபோது மண்டபமே என்னைப் பார்த்தது. 

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் ஆட்களிடம் விசாரித்தால் அவரைச் "சண்டைக்காரி" என்பார்கள். முதியோர் இல்லமொன்றின் சலவை அறையில் வேலை. வரிசையில் முந்துபவர் தமிழரோ ஜெர்மானியரோ, விடமாட்டார். கல்யாண வீடுகளுக்கு அவரை அழைக்கப் பலர் தயங்குவார்கள். யாரைக் கண்டாலும் தம்பியைப் பற்றித்தான் கேட்பார். தாய் இறந்தபின் அவரே தூக்கி வளர்த்த தம்பி இராசலிங்கம். இலங்கையில் போர் முடிந்தபோது வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்திடம் சரணடைந்தவர். அவரைப் பேருந்தில் ஏற்றியதைப் பார்த்ததாக ஊரவர் ஒருவர் சொன்னார். அதன்பிறகு தகவல் இல்லை.

நான் சென்ற ஆண்டு பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூரை முடித்துவிட்டு, அடுத்தது என்னவென்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கதைகளில் நான்காவது பரிமாணம் என்பதுதான் பள்ளியில் ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு. தமிழ் மண்டபத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை அதைப் பற்றி வாசகர் வட்டத்தில் பேசச் சொன்னார். பேசினேன். நீளம், அகலம், உயரம் தவிர இன்னொரு திசையும் இருக்கலாம் என்று கணிதம் படித்தவர்கள் சொல்ல, கதை எழுதியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்களும் விடவில்லை. பூட்டிய அறையிலிருந்து ஒருவர் மறைவார். கதவு திறக்காது. அவர் பக்கத்திலேயே இருப்பார், ஆனால் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

"அங்க பார்க்கிங் இருக்கோ?" என்றான் பின்வரிசை ரஜிதன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை எழுந்தார். அடுத்த கிழமை போரில் இறந்தவர்களின் நினைவு நாள். பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். தம்பியைத் தேடுவதற்கென்று அக்கா எல்லோருக்கும் கொடுத்திருந்த படம். அதற்கு மாலை போட்டிருந்தது.

"அக்கா, பிள்ளை சொன்னதைக் கேட்டனீங்கள்தானே? தம்பி தூரத்தில இல்லை. எங்களுக்குத் தெரியாத ஒரு பக்கத்தில இருக்கிறார். இனியாவது மற்றப் படங்களோட வைக்க விடுங்கோ. மனம் ஆறும்."

அப்போதுதான் அக்கா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன்.

"ஒருத்தரும் கொண்டுபோகேல்லை, என்ன? ஆள் தானாப் போட்டுது! என்ர தம்பி பூட்டின அறைக்குள்ள மறையேல்லை. பட்டப்பகலில பஸ்ஸில ஏத்தினவங்கள். ஏத்தினவனுக்கு முகம் இருந்தது. பஸ்ஸுக்கு டிரைவர் இருந்தவன்."

"ஆறுதலுக்குச் சொன்னன், அக்கா."

"உங்கட ஆறுதலை நீங்களே வைச்சிருங்கோ. உங்கட மகள் பின்னேரம் வீட்டுக்கு வராட்டி, நாலாவது பரிமாணம் எண்டு போத்துக்கொண்டு படுப்பியளோ? பொலிசுக்கு ஓடுவியளோ?"

ரஜிதன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா மாலையைப் பிய்த்து அண்ணையின் கதிரையில் எறிந்தார். படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

நான் ரசித்துப் படித்த அந்தக் கதைகள் மீது எனக்கு வெறுப்பு வந்தது. அவற்றில் ஒருவர் காணாமல் போனால் குற்றம் செய்தவர் என்று யாருமே இல்லை. எவ்வளவு வசதி!

நினைவு நாளன்று மண்டப வாசலில் மழையில் படத்தோடு அக்கா நின்றார். நானும் அருகில் போய் நின்றேன். உள்ளே போன சிலர் எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

"வாசலில நிண்டு ஆக்களை மறிக்காதேங்கோ" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை.

"மறிப்பன். என்ன செய்வியள்?"

பச்சை மழைக்கோட்டு அணிந்த ஒரு பெண் படத்தருகே நின்றார். வெளியூர்க்காரர், எங்களுக்குத் தெரியாதவர். நெடுநேரம் பார்த்தார். "இவர் காலை இழுத்து நடக்கிறவரோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம்! எங்க கண்டனீங்கள்?"

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தார். "எனக்கு ஊரில ஆக்கள் இருக்கினம், அக்கா. சொல்ல ஏலாது." கூட்டத்துக்குள் புகுந்து போய்விட்டார். நாங்கள் தேடியும் அகப்படவில்லை.

இதைப் படிப்பவர்கள் தெரிந்த எல்லோருக்கும் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் காதுக்கும் எட்டட்டும். பெயரைச் சொல்ல வேண்டாம், முகத்தைக் காட்டவும் வேண்டாம். இராசலிங்கத்தை எங்கே கண்டார், பேருந்து எந்தப் பக்கம் போனது என்று மட்டும் அக்காவுக்குத் தெரியப்படுத்தட்டும்.