படுத்துக் கிடக்கும் உத்தியோகம்

என் தங்கை சங்கவியின் வீட்டுக்காரன் பெயர் பெரியண்ணன். பட்டாளத்தில் இருக்கிறான். அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், “படுத்துக்கினு கெடக்கறது” என்பான். பெண் கேட்டு வந்தபோது என் அப்பாவிடமும் இதையேதான் சொன்னான். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. படுத்துக் கிடப்பவனுக்கு எவன் சம்பளம் தருவான், பையனுக்கு உடம்பில் ஏதாவது கோளாறா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மறைந்து கிடந்து, வெகு தூரத்தில் இருப்பதைக் குறி பார்த்துச் சுடுகிற ஸ்னைப்பர் அவன் என்று நான் விளக்கிய பிறகுதான் வெற்றிலைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

எனக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. நான் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேன். அதனால்தான் இன்றைக்குக் கச்சிராயபாளையத்துக்கும் மலைக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் நேர் எதிர். கண்ணாமூச்சி ஆடினால் அவனைத் தேடித் தேடி அலுத்துப்போய் நாங்கள் சாப்பிடப் போய்விடுவோம். அவன் பாட்டுக்கு ஒளிந்த இடத்திலேயே கிடப்பான், அதுவும் சந்தோஷமாக! பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது ஓட்டத்தில் தேறிப் போனவனை, அங்கே இருந்தவர்கள் சுடச் சொல்லிப் பார்த்தார்கள். கை ஆடவில்லை, மூச்சு வாங்கவில்லை. வடக்கே ஒரு முகாமுக்கு ஸ்னைப்பர் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பயிற்சியைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம்தான் வரும். சணல் நாரும் துணிக்கிழிசலும் தொங்கும் ஒரு சட்டையைத் தானே தைத்துக்கொள்ள வேண்டும். போகிற இடத்துப் புல்லையும் தழையையும் அதில் செருகிக்கொள்ள வேண்டும். போட்டுக்கொண்டு நின்றால் சோளக்கொல்லை பொம்மை தோற்றது. மேலே எறும்பு ஊர்ந்தாலும் அசையக் கூடாது. புல் சாய்வதைப் பார்த்துக் காற்றைக் கணக்கிட வேண்டும். கூடவே தொலைநோக்கியோடு ஒரு கூட்டாளி படுத்திருப்பான். இரண்டு பேரும் விடியலிலிருந்து பொழுது சாயும் வரை ஒரே வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்களாம். “கடைசில சுட்டியா?” என்று ஆசையாகக் கேட்டேன். “இல்ல மச்சான். யாரு வந்தா, யாரு போனான்னு சொல்லிட்டு வந்துட்டோம். சுடறது கம்மி, பாக்கறதுதான் ஜாஸ்தி” என்றான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சங்கவி என்னைப் போல. கை கால் ஓயாது. மகளிர் குழுவில் மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று கொடுத்தார்கள். யார் பறக்கவிடப் படிக்கிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் இவள் எழுந்து நின்றாள். பயிற்சி முடித்து லைசென்ஸ் வாங்கி வந்தாள். அதிலிருந்து ட்ரோனும் பேட்டரிகளும் என் ஜீப்பின் பின்னால், அவள் என் பக்கத்தில். ரிஷிவந்தியம் கரும்பு, சின்னசேலம் மக்காச்சோளம் என்று ஓயாத அலைச்சல். மலையிலிருந்து இறங்கி வந்த பெண் கொல்லைக்கு மேலே வண்டு மாதிரி ஒன்றை ஓட்டுகிறாள் என்று ஜனங்கள் கூடிவிடுவார்கள். எனக்கும் பெருமைதான். அவளிடம் சொன்னதில்லை.

போன புரட்டாசியில் பெரியண்ணன் லீவில் வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது. இப்போதெல்லாம் ஸ்னைப்பருக்கு வைக்கும் பரீட்சையில் தலைக்கு மேலே ட்ரோன் விடுகிறார்களாம். மறைந்தபடியே ஊர்ந்து போய், வெற்றுத்தோட்டா சுட்டுவிட்டு, அதற்குப் பிறகும் அகப்படாமல் இருக்க வேண்டும். இவன் இரண்டு தடவையும் பாதி வழியிலேயே பிடிபட்டான். லீவு முடிந்து போனதும் கடைசி வாய்ப்பு. அதிலும் பிடிபட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, ஏதாவது ஓர் ஊரில் ஸ்டோரில் உட்கார்ந்து போர்வை எண்ண வேண்டியதுதான்.

அவன் இதைச் சொன்னபோது மகளிர் குழுத் தலைவி நிர்மலாவும் எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் வாய் சும்மா இருக்காது. “இப்பல்லாம் மிஷினே போய் குண்டு போடுதாமே தம்பி. அப்புறம் ஆளு இன்னாத்துக்கு?” என்றாள்.

பெரியண்ணனுக்கு அவ்வளவு பேச்சு வந்து நான் பார்த்ததில்லை. “பேட்டரி தீந்தா மிஷின் எறங்கிடும்க்கா. காத்தடிச்சா தள்ளாடும். சிக்னல அறுத்துட்டா எங்கியாவது போயி வுழும். நான் மழைலயும் அங்கியே கெடப்பேன். எங்க கூட்டாளிங்களே இப்ப சின்ன ட்ரோன் ஒண்ண பையில வச்சிக்கினுதான் போறாங்க. அது மேல இருந்து பாக்கட்டும், நான் கீழ இருந்து பாக்கறேன். ரெண்டும் வேணும். ஆனா அதுக்கு மொதல்ல அதோட கண்ணுல படாம இருக்கக் கத்துக்கணும்.”

“அதான் நம்ம வூட்லயே ஒண்ணு நிக்குதே” என்றாள் சங்கவி. “நீங்க ஒளிஞ்சிக்கோங்க. நான் கண்டுபுடிக்கறேன்.”

மறுநாள் காலை எங்கள் சாமைக் கொல்லை பட்டாள மைதானமாகிவிட்டது. சாமையும் துவரையும் கலந்து விதைத்த கொல்லை. மேல்புறம் பாறை, கீழ்ப்புறம் ஓடை. பெரியண்ணன் சணல் சட்டையில் துவரந்தழை செருகிக்கொண்டு, துப்பாக்கிக்குப் பதிலாக ஒரு மூங்கில் கழியோடு போய் மறைந்தான். நாங்கள் பாறை மேல் உட்கார்ந்துகொண்டோம். ஊரில் வேலை இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். சங்கவி மருந்துத் தொட்டியைக் கழற்றி வைத்துவிட்டு ட்ரோனைக் கிளப்பினாள். ரிமோட்டில் இருக்கும் திரையில் வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். எட்டிப் பார்த்த என்னையும் முழங்கையால் இடித்துத் தள்ளினாள்.

ட்ரோன் கொல்லை ஓரமாக ஒரு சுற்று வந்தது. அப்புறம் நேராகப் போய் ஒரு துவரைச் செடிக்கு மேலே நின்றது. செடி எழுந்து நின்று திட்டியது.

ஊரே சிரித்தது. இரண்டாம் நாள் ஓடைப் பக்கமாகப் படுத்தான், பிடித்துவிட்டாள். மூன்றாம் நாள் சட்டையையே பிரித்துப் புதிதாகத் தைத்தான். முகத்தில் சேறு பூசினான். இறக்கையின் காற்றில் தழை ஆடினால் காட்டிக்கொடுக்கும் என்று எல்லாவற்றையும் நூல் போட்டுக் கட்டினான். அன்றைக்குத்தான் எல்லா நாளையும் விடச் சீக்கிரம் பிடிபட்டான். பேட்டரி வீணாகிறது என்று சண்டை போட வந்த நிர்மலா, சண்டையை மறந்துவிட்டு நல்ல இடம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “தம்பி, நாளைக்கு எத்தினி மணிக்கு?” என்று வேறு கேட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மிஷினிடம் தோற்றால் கூடப் பரவாயில்லை, எப்படித் தோற்றோம் என்றே தெரியாமல் தோற்பது அவனுக்குத் தாங்கவில்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை. சங்கவியை ஜீப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“எப்பிடி கண்டுபுடிக்கற? சொல்லு.”

“பூட்ஸு” என்றாள்.

“இன்னா பூட்ஸு?”

“கொல்லை ஓரத்துல ஜோடியா கழட்டி வச்சிட்டுதான உள்ள போறாரு. எந்தப் பக்கம் பூட்ஸு இருக்குதோ அந்தப் பக்கமா தேடுவேன்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. கதிர் நிற்கும் கொல்லை எங்களுக்குக் கோயில் மாதிரி, செருப்புக் காலோடு யாரும் இறங்க மாட்டோம். யாரும் சொல்லித் தருவதில்லை, கால் தானாகவே கழற்றிவிடும். தினமும் கொல்லை ஓரத்தில் செருப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கொல்லையில் ஒரு பாகம் மாதிரி. மூன்று நாளும் அந்தப் பூட்ஸைத் தாண்டித்தான் நானும் நடந்திருக்கிறேன்! எனக்கும் உறைக்கவில்லை. அரசாங்கச் செலவில் படித்துவிட்டு வந்த அந்தப் புண்ணியவானுக்கும் உறைக்கவில்லை.

“அடிப்பாவி, மொத நாளே சொல்றதுக்கு இன்னா?”

சங்கவி ஜீப் கதவைத் திறந்தாள், மூடினாள். “ஸ்டோர்ல போட்டுட்டா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாம்ணா. நானும் கூட போயி இருக்கலாம். அவுரு தோத்துட்டா நல்லதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களை வருஷத்துக்கு ஒரு லீவு என்றுதான் கணக்குப் போட வேண்டும். அவள் நினைத்ததில் என்ன தப்பு?

அவளே தொடர்ந்தாள். “ஆனா இன்னிக்கி மேல இருந்து பாக்கறேன், தெரியுதா? நான் கைய கீழ எறக்கினா மிஷின் அவுரு முதுவு மேல உக்காரும். அவ்ளோ கிட்ட. என்னுதுல மருந்துத் தொட்டிதான் இருக்குது. இன்னொருத்தன் வுடறதுல இன்னா கட்டியிருப்பான்? ஸ்டோர்ல இருந்தாலும் சண்டைன்னு வந்தா கூப்புட மாட்டாங்களா? அப்ப இந்த மனுசன் பூட்ஸ கழட்டி வச்சிட்டு படுத்தாருன்னா?” என் கையைப் பிடித்து இழுத்தாள். “வா, சொல்லிடலாம்.”

சொன்னோம். பெரியண்ணன் சுவரிலிருந்து திரும்பினான். அப்புறம் எழுந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. பரீட்சை நடந்த இடத்தில் யாரும் விதைக்காமல் தானாக முளைத்த கம்பு ஆள் உயரத்துக்கு நிற்குமாம். மற்றவர்கள் எல்லாம் அதற்குள் புகுந்து போனார்கள். இவன் மட்டும் இரண்டு தடவையும் வெட்டவெளியில் வரப்பு ஓரமாகச் சுற்றி ஊர்ந்திருக்கிறான். “ஏன் உள்ள போவலன்னு ஆபீசர் கேட்டாரு மச்சான். எனக்கே தெரியல. பூட்ஸ கழட்டக் கூடாது, அங்க அது ரூலு. பூட்ஸோட கம்புக்குள்ள போவ காலு வரல. அத நான் யோசிக்கவே இல்ல பாரு.”

“இப்ப இன்னா பண்ணுவீங்க?” என்றாள் சங்கவி.

“கழட்டுவேன். கழட்டி வயித்துல கட்டிக்குவேன். வெறுங்காலோட போறேன்னு பர்மிஷன் கேப்பேன். கழட்டினத வச்சிட்டு போனாதான தப்பு?”

மறுநாள் நான்காவது ஆட்டம். சங்கவி விட்டுக்கொடுக்கவில்லை, அதை நான் சத்தியம் செய்வேன். கொல்லையை மேலும் கீழுமாக உழுவது போலத் தேடினாள். பாறை இடுக்கில் பார்த்தாள். ஓடையில் இறக்கிப் பார்த்தாள். ஒரு பேட்டரி தீர்ந்தது, அடுத்ததை மாட்டினாள். பாறை மேல் இருந்தவர்கள் ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். நிர்மலா கத்திக் கத்திக் குரல் கட்டிப் போனாள். இரண்டாவது பேட்டரியும் சிவப்பு விளக்குக் காட்டியது. சங்கவி ட்ரோனை இறக்கிவிட்டு ரிமோட்டை என் கையில் கொடுத்தாள்.

“கெடைக்கலண்ணா” என்றாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். “கெடைக்கல! எனக்குக் கெடைக்கல!” தோற்றுவிட்டு இப்படிக் குதித்த ஆளை நான் கண்டதில்லை. கண்ணிலிருந்து நீர் வழிகிறது, வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். கீழே சாமைக்குள், நாங்கள் யாருமே எதிர்பார்க்காத இடத்திலிருந்து, இடுப்பில் பூட்ஸ் ஆட ஒரு தழைக்குவியல் எழுந்து கை காட்டியது.

லீவு முடிந்து போனான். அங்கே ட்ரோனில் இருப்பது சங்கவியினுடையது மாதிரி சாதாரணக் கேமரா இல்லை, உடம்புச் சூட்டையே காட்டும் கேமரா. அதிலிருந்து தப்பத் தனிப் போர்வை உண்டு. வெயில் ஏறிய பாறையோடு ஒட்டிப் படுத்தால் பாறையின் சூடும் மனுசன் சூடும் ஒன்றாகத் தெரியும் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனான். அதெல்லாம் எனக்கு எங்கே புரிகிறது? பரீட்சை நடக்கும் வாரம் முழுவதும் சங்கவி போனை மடியிலேயே வைத்திருந்தாள். நான் பாட்டுப் போட்டால் நிறுத்தினாள், பேசினால் முறைத்தாள்.

கரும்புக்கு மருந்து தெளிக்க ரிஷிவந்தியம் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜீப்பை ஓரம் கட்டினேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாஸு” என்றான் பெரியண்ணன். “வெறுங்காலோட போவ வுட்டாங்க. மூணு ட்ரோன் வுட்டாங்க. கடைசில நானா எழுந்து நின்னேன்.”

நான் ஹாரனை அழுத்திய அழுத்தில் ரோட்டில் போன மாடு மிரண்டது. சங்கவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்க படுத்துக்கினு இருந்தீங்க?”

“அத சொல்ல மாட்டேன்.”

“இன்னாங்க, பொண்டாட்டிகிட்ட கூடவா?”

“பொண்டாட்டிகிட்ட சொல்லலாம். ட்ரோன் வுடறவகிட்ட எப்பிடி சொல்றது?”

சங்கவி சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

“அதான் சரி” என்றாள். “யாருகிட்டயும் சொல்லாதீங்க. எவன் தேடினாலும் கெடைக்காதீங்க. லீவு வந்தா மட்டும் நேரா எழுந்து வூட்டுக்கு வந்துடுங்க.”