தண்ணி கேன் போட வந்த அண்ணன்

என் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை, லிஃப்ட் மெக்கானிக். ஊமைக்கோட்டான் ரகம். அவனுக்குப் பாதுகாப்புத் துறைக் கட்டடமொன்றில் நிரந்தர வேலை கூடிவந்தது. மேல்மாடியில் இரகசியக் காகிதங்கள் இருக்கின்றனவாம். அதனால் லிஃப்ட்டுக்குக் கிரீஸ் தடவுகிறவனின் பூர்வீகத்தையும் தோண்டித் துருவிய பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

பூர்வீகம் கொஞ்சம் நாறும். வாலிபத்தில் கஞ்சா அடித்தவன். அந்த மப்பில் ஒருநாள் எவனுடைய ஸ்கூட்டரையோ தன்னுடையதென்று கிளப்பிக்கொண்டு போய், நேராகப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறான். திருட்டு வழக்கு, அபராதம். சரக்கு கொடுத்தது சொந்த அண்ணன். அவர் விற்றதற்காகச் சிறைக்குப் போய்த் திரும்பி, இப்போது ஒழுங்காகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறார். மதியச் சாப்பாடு தம்பி வீட்டில்தான்.

விசாரணை அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்றதும் என் கொழுந்தியாள் ஒத்திகையே நடத்திவிட்டாள்.

"மாமா, கஞ்சான்னா என்னன்னே இவருக்குத் தெரியாதுன்னு அடிச்சுச் சொல்லுங்க."

அன்றைக்கு மட்டும் வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லும் பொறுப்பைப் புருஷனிடம் விட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள். அவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லையாம்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். நான் புளுகு மூட்டையை அவிழ்த்தேன்.

"சிகரெட் வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்குவாரு சார்!"

"கஞ்சா, ஸ்கூட்டர் எல்லாத்தையும் அவரே சொல்லிட்டாருங்க. நீங்க எதுக்கு மறைக்கறீங்க?"

எனக்கு மூஞ்சி தொங்கிப்போனது. பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அதிகாரி சகலை பக்கம் திரும்பினார். "உங்க அண்ணனோட இப்பவும் போக்குவரத்து உண்டா?"

கதவு திறந்திருந்தது. வாசலில் அண்ணன், சட்டையெல்லாம் பெயிண்ட். அதிகாரியின் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"தண்ணி கேன் போட வந்தேங்க" என்றார். கையில் கேன் இல்லை.

கொழுந்தியாள் புருஷனைக் கண்ணாலேயே கெஞ்சினாள். சும்மா இருந்தால் போதும், வேலை நிச்சயம்.

"அது எங்கண்ணன் சார். தினமும் இங்கதான் சாப்பிடுவாரு. இனிமேலும் சாப்பிடுவாரு."

தொலைந்தோம் என்று நினைத்தேன். அதிகாரி நிதானமாகப் பையை மூடினார்.

"அவர் போட்டோவைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா இத்தோட முடிஞ்சிருக்கும்."

அனுமதி கிடைத்தது. ஆனால் அண்ணன் வருவதை நிறுத்திவிட்டார். கொழுந்தியாளுக்கு உள்ளூர நிம்மதி. சகலைக்குச் சோறு இறங்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு அண்ணன் வேலை செய்யும் இடத்துக்குப் போனான். ஏணிமேல் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னால உன் பொழப்பு கெட வேண்டாம்டா. போ."

சகலை ஏணியைப் பிடித்துக்கொண்டான். அழுதுவிடுவான் போலிருந்தது.

"நீ தினமும் வருவேன்னு அரசாங்கத்துக்கே சொல்லியிருக்கேன். வரலேன்னா நான்தான்ணே பொய் சொன்னவன். இறங்கு, சோறு ஆறிப்போகுது."